கூலிக்காசில் வாங்கிய மண்

1872-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மொபீல் நகரத்துக்கு வடக்கே ஒரு கூலித் தொழிலாளி ஏறக்குறைய 2 ஏக்கர் நிலம் வாங்கினார். விலை 100 டாலர். மரமறுக்கும் ஆலையில் அப்போது நாள் கூலி ஒரு டாலர்தான். வயிற்றுப்பாடு போக, பிள்ளைகளின் துணிமணி போக, அதில் மிச்சம் பிடித்து நூறு டாலர் சேர்க்க எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்பதை உழைத்துப் பிழைக்கும் எந்தக் குடும்பமும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஊரில் அவரை அழைத்த பெயர் கட்ஜோ லூயிஸ். மேற்கு ஆப்பிரிக்காவில் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒலுவாலே கொசோலா. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அவரையே ஒருவன் விலை கொடுத்து வாங்கியிருந்தான்.

அவர் வாங்கிய நிலமும், அவரோடு ஒரே கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் அக்கம்பக்கத்தில் வாங்கிய நிலங்களும் சேர்ந்து ஓர் ஊரானது. தங்கள் ஊருக்கு அவர்கள் 'ஆப்பிரிக்கன் டவுன்' என்று பெயர் வைத்தார்கள். இன்று அது ஆப்பிரிக்கடவுன். அமெரிக்க மண்ணில், ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களே நிலம் வாங்கி, தலைவரைத் தேர்ந்தெடுத்து, சட்டதிட்டம் வகுத்து நடத்திய ஊர் வேறெதையும் இவ்வளவு தெளிவாகச் சுட்டிக்காட்ட முடியாது.

கறுப்பின மக்களின் வரலாற்றை நினைவுகூர அமெரிக்காவில் பிப்ரவரி மாதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926-இல் ஒரு வார நிகழ்வாகத் தொடங்கியது, அரை நூற்றாண்டு கழித்து ஒரு மாதமாக விரிந்தது. பள்ளிக்கூடச் சுவர்களில் மார்ட்டின் லூதர் கிங் படமும் ரோசா பார்க்ஸ் படமும் ஏறும். அவை ஏற வேண்டியவைதான். ஆனால் வுட்சன் எதிர்பார்த்தது அதைவிடப் பெரிது. ஒவ்வோர் ஊரும் தன் தேவாலயத்தைக் கட்டியவர், தன் பள்ளிக்கூடத்துக்கு முதல் செங்கல் சுமந்தவர், தன் சுடுகாட்டுக்கு நிலம் பார்த்தவர் யார் என்று தேட வேண்டும் என்பதுதான் அந்த முயற்சியின் உயிர். அந்தத் தேடலை ஒரு சிற்றூரின் குடும்பங்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எப்படிக் கைவிடாமல் நடத்தின என்பதற்கு ஆப்பிரிக்கடவுனைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தை மீறிய கப்பல்

அமெரிக்காவுக்குள் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. 1820-இல் அந்தக் குற்றத்தைக் கடற்கொள்ளைக்குச் சமமாக்கி, மரண தண்டனைக்குரியதாகவும் ஆக்கினார்கள். உள்நாட்டில் அடிமைகளை விற்பதும் வாங்குவதும் மட்டும் தங்குதடையின்றி நடந்தது. பருத்தி விளைச்சல் பெருகப் பெருக ஆள் விலையும் ஏறியது.

மொபீலில் கப்பல் கட்டியும் நீராவிப் படகு ஓட்டியும் பெரும்பணம் சேர்த்த டிமொதி மேஹர், அரசின் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு கப்பல் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டியதாக வரலாறு சொல்கிறது. 1860-இல் வில்லியம் ஃபாஸ்டர் என்ற மாலுமி, தான் கட்டிய 'கிளோடில்டா' என்ற பாய்மரக் கப்பலில் தங்கக் காசுகளோடு புறப்பட்டார். இன்றைய பெனின் நாட்டின் கடற்கரையில் உள்ள விதா துறைமுகம் அவர் போன இடம். அங்கே தஹோமி அரசு அண்டை ஊர்களைச் சூறையாடிப் பிடித்த மக்களைக் கடலோரக் கொட்டடிகளில் அடைத்து வைத்து விற்றுக்கொண்டிருந்தது.

கொசோலாவுக்கு அப்போது வயது ஏறக்குறைய 19. விடியும் முன்பே தஹோமிப் படை அவர் ஊருக்குள் புகுந்தது. அந்தப் படையில் பெண் வீரர்களும் இருந்தார்கள். ஊர்த்தலைவரைக் கொன்றார்கள், தப்பியோடியவர்களை வெட்டினார்கள், இளவயதுக்காரர்களைக் கட்டி இழுத்துப் போனார்கள். மூன்று வாரம் கொட்டடியில் கிடந்தபின் ஏறக்குறைய 110 பேர் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். உடம்பிலிருந்த துணியையும் உருவிவிட்டுத்தான் ஏற்றினார்கள். அந்த அவமானத்தைக் கொசோலா ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்தும் சொல்லிக் குமுறியிருக்கிறார்.

1860 ஜூலையில் ஓர் இரவு, கப்பல் மொபீல் ஆற்றுக் கழிமுகத்துக்குள் இழுத்து வரப்பட்டது. ஆட்களை வேறு படகுக்கு மாற்றி நாணல் காட்டில் ஒளித்தார்கள். பிறகு ஃபாஸ்டர் கிளோடில்டாவைக் கொளுத்தி ஆற்றில் மூழ்கடித்தார். சாட்சி எரிந்து தண்ணீருக்குள் போனது. வழக்கு என்று ஒன்று நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. கொண்டுவரப்பட்டவர்களை மேஹர் சகோதரர்களும் ஃபாஸ்டரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மீதிப் பேரை வேறு பண்ணைகளுக்கு விற்றார்கள்.

கும்ப்பாவைத் தலைவராக்கிய கதை

ஐந்து ஆண்டு அடிமை வேலை. 1865 ஏப்ரலில், உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களுக்காகப் போரிட்ட படைவீரர்கள் வந்து இனி நீங்கள் யாருக்கும் சொந்தமில்லை என்று சொன்னார்கள். உடனே அவர்கள் நினைத்தது ஊர் திரும்புவதைத்தான். காசு சேர்க்கத் தொடங்கினார்கள். கடல் கடக்கத் தேவைப்படும் தொகை எட்டாத உயரத்தில் இருந்தது. சரி, போக முடியாவிட்டால் இங்கேயே நமக்கென்று ஓர் ஊர் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

நிலம் கேட்கக் கொசோலாவைத்தான் அனுப்பினார்கள். எங்கள் மண்ணிலிருந்து எங்களைப் பிடுங்கி வந்தீர்கள், ஐந்து வருடம் சம்பளம் இல்லாமல் வேலை வாங்கினீர்கள், குடியிருக்கக் கொஞ்சம் நிலம் கொடுங்கள் என்பது அவர் கேட்டதன் சாரம். மேஹர் சீறி விழுந்தார். அடிமைகளை நன்றாகத்தானே பார்த்துக்கொண்டேன், இப்போது எதற்காகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் பதில். பின்னால் அவர்கள் அவரிடமே நிலம் வாங்கியபோது ஒரு காசும் குறைத்துக்கொள்ளவில்லை என்று கொசோலா சொல்லியிருக்கிறார்.

ஆண்கள் மர ஆலையிலும் ரயில் பாதையிலும் வேலை செய்தார்கள். இரவில் கூடை முடைந்தார்கள். பெண்கள் தோட்டம் போட்டு, காய்கறிகளைக் கூடையில் வைத்துத் தலைச்சுமையாக மொபீலுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். முடைந்த கூடைகளையும் அவர்களே விற்றார்கள். ரொட்டியும் கரும்புப் பாகும் தின்று காசு சேர்த்ததாகக் கொசோலா நினைவுகூர்ந்திருக்கிறார். ஒருவர் வீட்டை எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள்.

ஊருக்கு ஒரு தலைவர் வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்தது கும்ப்பா என்பவரை. அவர் தஹோமிக்காரர், அதுவும் அரச வம்சத்தோடு உறவுள்ளவர். எந்த அரசு இவர்கள் ஊர்களை எரித்து, உறவினரைக் கொன்று, இவர்களைச் சங்கிலியில் பிணைத்து விற்றதோ, அந்த அரசின் இரத்தம். அந்த மன்னன் செய்ததற்கு இவர் என்ன செய்வார், இவர் நமக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இந்த முடிவுதான். பழிவாங்க நியாயமான காரணம் இருந்தவர்கள் அவர்கள். பலர் கப்பலுக்குள் ஏறும்வரை ஒருவரையொருவர் அறியாதவர்கள், வேறு வேறு ஊர், வேறு வேறு மொழி, சிலர் இஸ்லாமியர். அந்நிய நாட்டில் கையில் பணமில்லை, எந்த நேரமும் துப்பாக்கி தூக்கக்கூடிய வெள்ளையர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். அந்த நிலையில் உட்கார்ந்து, யாரிடம் நிதானமும் ஆளும் தகுதியும் இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். கும்ப்பாவோடு இரண்டு பேரை நீதி சொல்பவர்களாக வைத்தார்கள். குடிப்பது, திருடுவது, சண்டை போடுவது கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். தவறு செய்தவரைக் கூட்டத்தில் நிறுத்திக் கண்டித்தார்கள்.

தேவாலயத்தையும் அவர்களே கட்டினார்கள். 1872-இல் எழுந்த அந்தச் சபைதான் இன்று யூனியன் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயம். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் கட்டிவிட்டு, ஆசிரியரை மட்டும் அனுப்புங்கள் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டார்கள். 1880-இல் வேர்விட்ட அந்தப் பள்ளிதான் பின்னாளில் மொபீல் கவுன்டி டிரெயினிங் ஸ்கூல் ஆனது. தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினக் குழந்தைகளைக் கரையேற்றியது. இன்றும் நடுநிலைப் பள்ளியாக நடக்கிறது.

1874 தேர்தலில் கொசோலாவும், அதே கப்பலில் வந்த பொலீ ஆலன், சார்லி லூயிஸ் இருவரும் ஓட்டுப் போடப் போனார்கள். எம்மா ரோச் என்ற எழுத்தாளர் 1914-இல் வெளியிட்ட நூலில் அந்தக் கதை இருக்கிறது. இவர்கள் தன் விருப்பப்படி ஓட்டுப் போட மாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட மேஹர், முதல் வாக்குச்சாவடியில் இவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்று சொல்லித் தடுத்தார். அடுத்த சாவடிக்கு நடந்தார்கள். அங்கேயும் குதிரையில் முந்திக்கொண்டு வந்து நின்றார். மொபீல் நகரத்துக்கே நடந்து போய், ஆளுக்கு ஒரு டாலர் கட்டி ஓட்டுப் போட்டார்கள். அதற்குக் கிடைத்த காகிதத்தை வாழ்நாள் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்த ஒரு டாலர், ஒரு நாள் கூலி.

கொசோலாவின் வீடு

கொசோலாவும் அவர் மனைவி அபீலேயும் ஆறு பிள்ளைகள் பெற்றார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்கப் பெயர் வீட்டுக்கு, அமெரிக்கப் பெயர் வெளியுலகுக்கு. வெளியில் அந்தப் பிள்ளைகள் பட்டது கொஞ்சமில்லை. வெள்ளையர் மட்டும் கேலி செய்யவில்லை. அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினப் பிள்ளைகளும் ஆப்பிரிக்கக் காட்டுமிராண்டிகள் என்று இவர்களைச் சீண்டினார்கள், அடிதடி நடந்தது.

1902-இல் கொசோலா ஓட்டிப்போன வண்டி மீது ரயில் மோதியது. உடம்பு தேறவே இல்லை. லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வே நிறுவனத்தின் மீது அவர் வழக்குப் போட்டார். கறுப்பினத்தவர் ஒருவர், அதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவர், அலபாமாவில் ஒரு ரயில்வே கம்பெனியை நீதிமன்றத்துக்கு இழுப்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத துணிச்சல். நடுவர் குழு 650 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை. கனமான வேலை செய்ய முடியாமல் போனவரைச் சபைதான் தாங்கியது. தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டு மணியடிக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு அவர் மகன் ஒருவரைத் துணை ஷெரிஃப் சுட்டுக் கொன்றார். இன்னொரு மகனை ரயில் கொன்றது. ஒரு மகள் நோயில் போனாள். 1908-இல் அபீலே போனார். பெற்ற ஆறு பேரையும் இழந்துவிட்டு, மருமகள் வீட்டாரோடும் பேரக்குழந்தைகளோடும் வாழ்ந்த அந்த முதியவரைத் தேடி 1927-இல் ஓர் இளம் பெண் வந்தார். பெயர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். மானுடவியல் மாணவி, பின்னாளில் அமெரிக்க இலக்கியத்தில் அழியாப் பெயர்.

ஹர்ஸ்டன் பேட்டியெடுத்த முறை நம் பத்திரிகைக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது. பீச் பழம், தர்பூசணி என்று எதையாவது வாங்கிக்கொண்டு போவார். கொசோலா பேச விரும்பாத நாளில் சும்மா உட்கார்ந்து, தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்க உதவிவிட்டு வருவார். அவர் பேசியதை அவர் பேச்சுவழக்கிலேயே எழுதினார். 1931-இல் முடிந்த கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. பேச்சுமொழியை மாற்றித் திருத்தமான ஆங்கிலத்தில் எழுதினால் போடலாம் என்றார்கள். ஹர்ஸ்டன் சம்மதிக்கவில்லை. அந்த நூல் 'பாரகூன்' என்ற பெயரில் வெளிவந்தது 2018-இல். எழுதியவர் இறந்தே 58 ஆண்டு ஆகிவிட்டிருந்தது. கொசோலா 1935-லேயே போய்விட்டார்.

கிளோடில்டாவில் வந்தவர்களில் கடைசியாக மறைந்தவர் அவர்தான் என்று நீண்ட காலம் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். பிரிட்டிஷ் ஆய்வாளர் ஹன்னா டர்கின் அண்மை ஆண்டுகளில் இரண்டு பெண்களின் வாழ்க்கையை மீட்டெடுத்தார். ஒருவர் ரெடோஷி, 1937-இல் மறைந்தவர். இன்னொருவர் மாட்டில்டா மெக்ரியர், 1940-இல் மறைந்தவர். மாட்டில்டா கப்பலில் வந்தபோது இரண்டு வயதுக் குழந்தை, தாயோடும் அக்காமாரோடும். எழுபது வயதைத் தாண்டியபின், 1931-இல், செல்மா நீதிமன்றத்துக்குப் பதினைந்து மைல் நடந்து போய் இழப்பீடு கேட்டார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே செல்மாவில்தான் முப்பத்துச் சொச்சம் ஆண்டு கழித்து வாக்குரிமைப் போராட்டம் வெடித்தது.

சொல்லக்கூடாத கதையைச் சொன்னவர்கள்

கப்பல் கதையே கட்டுக்கதை என்று மொபீலில் சொல்லித் திரிந்தவர்கள் நிறையப் பேர். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். ஆதாரத்தை எரித்ததே குற்றவாளிகள்தான். ஊருக்குள்ளும் பயம் இருந்தது. கதையை வெளியில் பேசினால் வேலை போகும், உயிரும் போகலாம் என்று பெரியவர்கள் எச்சரித்தார்கள். அதனால் அது அடுப்படியிலும் திண்ணையிலும் பாட்டிகள் வாய்வழியாக வளர்ந்தது. இன்னார் மகன் இன்னார், அவர் வந்தது இந்தக் கப்பலில் என்று கொடிவழியைப் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த அச்சத்தை உடைத்துப் பொதுவெளியில் பேசியவர்களில் ஹென்றி வில்லியம்ஸ் முக்கியமானவர். கல்லூரிப் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் அல்ல அவர், உலோகப் பற்றவைப்புத் தொழிலாளி. பழைய புகைப்படங்களையும் முதியவர்கள் சொன்னவற்றையும் ஆண்டுக்கணக்கில் திரட்டி, 1981-இல் ஊரின் வரலாற்றைப் படங்களோடு நூலாக்கினார். 1959-இல் தேவாலய முகப்பில் கொசோலாவின் மார்பளவுச் சிலை நிற்கக் காரணமாக இருந்தவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். அரசு எதையும் வைக்கும் முன்பே தங்கள் பெரியவரைத் தாங்களே கௌரவித்துக்கொண்ட மக்கள் அவர்கள். செனகல்-பிரெஞ்சு வரலாற்றாசிரியர் சில்வியான் டியூஃப் 2007-இல் எழுதிய ஆய்வுநூல், இந்தக் குடும்பங்கள் சொல்லிவந்தது மெய் என்பதைப் பத்திரங்களும் மக்கள்தொகைக் கணக்கும் கொண்டு நிறுவியது. 2012-இல் ஊர் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறியது.

இந்தக் கொடிவழிகளின் கிளை எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதும் வியப்புத்தான். 'தி ரூட்ஸ்' இசைக்குழுவின் டிரம்மர் க்வெஸ்ட்லவ், தன் முன்னோர் சார்லி லூயிஸும் அவர் மனைவி மேகியும் கிளோடில்டாவில் வந்தவர்கள் என்பதை 2017-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் தெரிந்துகொண்டார். சார்லி லூயிஸ் குடும்பம் வாங்கிய நிலம் ஆப்பிரிக்கடவுனில் 'லூயிஸ் குவார்ட்டர்ஸ்' என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. அவர் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே குடியிருக்கிறார்கள். சுற்றிலும் தொழிற்சாலைகள் நெருக்குகின்றன.

சாம்பல் விழுந்த ஆண்டுகள்

1920-களின் இறுதியில் இன்டர்நேஷனல் பேப்பர் நிறுவனத்தின் காகித ஆலை ஊரை ஒட்டி வந்தது. பின்னர் இன்னொரு காகித ஆலையும் வந்தது. வேலை கிடைத்தது, அதை மறுப்பதற்கில்லை. ஊர் பெருகி, உச்சத்தில் ஏறக்குறைய 12,000 பேர் வாழ்ந்தார்கள். கடைகள், மருந்துக்கடை, முடிதிருத்தகம், உணவகம் என்று தன் காலில் நின்ற ஊர். ஆனால் ஆலைச் சாம்பல் கூரைமேலும் கார்மேலும் கொடியில் காயப்போட்ட துணிமேலும் விழுந்தது. அந்த நாற்றத்தையும் சாம்பலையும் பற்றிப் பேசாத முதியவர் ஆப்பிரிக்கடவுனில் இல்லை. வீட்டுக்கு வீடு புற்றுநோய் என்று சொல்கிறார்கள்.

2000-இல் இன்டர்நேஷனல் பேப்பர் ஆலையை மூடிவிட்டுப் போனது. வேலையும் போனது. நிலத்திலும் நீரிலும் விஷம் விட்டுச் சென்றதாக 2017-இல் நூற்றுக்கணக்கான குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் மறுத்தது. 2020-இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது.

அதற்கு முன்பே சாலை வந்து ஊரைப் பிளந்திருந்தது. 1991-இல் திறக்கப்பட்ட பெரிய பாலத்துக்காக பே பிரிட்ஜ் சாலையை அகலப்படுத்தியபோது, ஊரின் கடைவீதி போனது. தேவாலயம் ஒரு பக்கம், முன்னோர் அடங்கிய பிளட்டோ பகுதிக் கல்லறைத் தோட்டம் எதிர்ப்பக்கம், நடுவே சரக்கு லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை. அந்தப் பாலத்துக்கு ஆப்பிரிக்கடவுன் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். ஊரின் பெயரைப் பாலத்துக்கு வைத்துவிட்டு ஊரின் நெஞ்சில் சாலை போடுவதை மரியாதை என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இன்று அங்கே வாழ்பவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். பூட்டிக்கிடக்கும் வீடுகளும் காடு மண்டிய மனைகளும் அதிகம்.

இதற்கிடையே எண்ணெய்த் தொட்டிகளை ஊரருகே நிறுவும் திட்டங்கள் வந்தன. அவற்றை எதிர்த்து மக்களைத் திரட்டியவர்களில் முன்னால் நின்றவர் ஜோ வோமேக், அமெரிக்க மரைன் படையில் மேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், ஆப்பிரிக்கடவுனில் வளர்ந்தவர். நகர மன்றக் கூட்டங்களுக்குப் போவது, நில வகைப்பாட்டு வரைபடங்களைப் படிப்பது, மனு எழுதுவது, மறுபடியும் மறுபடியும் போவது என்று பல ஆண்டுகளாக நடத்தும் வேலை அது. கைதட்டல் கிடைக்காத வேலை. வரலாற்று விழா மேடைகளில் இந்த வேலைக்கும் ஒரு மாலை விழ வேண்டும்.

கப்பல் கிடைத்தது

2018-இல் பத்திரிகையாளர் பென் ரெய்ன்ஸ் ஆற்றுச் சேற்றில் ஒரு கப்பலைக் கண்டுபிடித்தார், அது வேறு கப்பல் என்று தெரிந்தது. தேடலை விடவில்லை. சில மாதங்களிலேயே இன்னொன்று தட்டுப்பட்டது. மரத்தின் வகை, ஆணி, அளவு, எரிந்த தடயம் எல்லாவற்றையும் ஒப்பிட்டபின், 2019 மே மாதம் அது கிளோடில்டாதான் என்று அலபாமா வரலாற்று ஆணையம் அறிவித்தது. கப்பலின் பெரும்பகுதி சேற்றுக்குள் சிதையாமல் இருக்கிறது, மனிதர்களை அடைத்து வைத்த அடித்தளமும் கூட. பொய் என்று ஏளனம் செய்யப்பட்ட பாட்டிகளின் பேச்சு அன்றைக்கு உலகச் செய்தியானது.

கப்பலைத் தூக்கிக் காட்சிக்கு வைக்கலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. மரம் ஊறி நொய்ந்திருப்பதால் இருக்கும் இடத்திலேயே காப்பதுதான் நல்லது என்பது நிபுணர்கள் பக்கம் வலுத்த கருத்து. 2022-இல் மார்கரெட் பிரவுன் இயக்கிய 'டிசெண்டன்ட்' ஆவணப்படம் வெளியானது. 2023 ஜூலையில் ஆப்பிரிக்கடவுன் ஹெரிடேஜ் ஹவுஸ் என்ற அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே திறக்கப்பட்டது. கப்பலின் மரத்துண்டுகள் அங்கே இருக்கின்றன. அதைவிட முக்கியம், கொசோலா, கும்ப்பா, பொலீ, சார்லி, அபீலே ஆகியோரின் வாழ்க்கை அங்கே சொல்லப்படுகிறது. கிளோடில்டா வழித்தோன்றல்கள் சங்கம் ஆண்டுதோறும் ஜூலையில், கப்பல் வந்த நாளை ஒட்டி முன்னோர் நினைவு நிகழ்ச்சி நடத்துகிறது.

மேஹர் குடும்பத்துக்கு ஆப்பிரிக்கடவுனிலும் சுற்றிலும் இன்றும் நிலம் இருக்கிறது. டிமொதி என்றும் மேஹர் என்றும் பெயர் கொண்ட தெருக்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. நெடுங்காலம் பேசாமலிருந்த அந்தக் குடும்பத்தார், 2022-இல் வழித்தோன்றல்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். முன்னோர் செய்தது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அது நல்ல தொடக்கம். ஆனால் அன்று கொசோலா கேட்டது மன்னிப்பை அல்ல, நிலத்தை. அந்தக் கேள்விக்கு விடை இன்னும் பாக்கி இருக்கிறது என்று வழித்தோன்றல்கள் சொல்வதில் எந்த மிகையும் எனக்குத் தெரியவில்லை.

சுற்றுலா வரும் என்று மொபீல் எதிர்பார்க்கிறது. வரட்டும். வருபவர்கள் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலை ஏறிப் போய்விட்டால் ஊருக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் அங்குள்ளவர்களின் கவலை. அந்தக் கவலைக்குத் தன்னால் முடிந்த விடையைத் தேடிக்கொண்டிருப்பவர் கிளியோன் ஜோன்ஸ். 1942-இல் பிறந்து, மொபீல் கவுன்டி டிரெயினிங் ஸ்கூலில் படித்து, நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியில் ஆடியவர். 1969 உலகத் தொடரின் கடைசிப் பந்தை, கோப்பையை வென்று கொடுத்த பந்தை, பிடித்தவர் அவர்தான். அதே அணியில் அவரோடு ஆடிய டாமி ஏஜியும் அந்தப் பள்ளிக்கூடத்து மாணவர். புகழும் பணமும் பார்த்த ஜோன்ஸ் சொந்த ஊருக்கே திரும்பி வந்து குடியேறினார். முதியவர்களின் ஒழுகும் கூரைகளை மாற்றுவது, இடிந்த திண்ணைகளைச் சரிசெய்வது, பாழடைந்த வீடுகளைக் குடியிருக்கத் தகுந்ததாக்குவது என்று மனைவியோடு சேர்ந்து ஓர் அறக்கட்டளையை நடத்துகிறார். 80 வயதைக் கடந்தபின்னும் தானே வேலையிடத்தில் நிற்கிறார். வீடு நன்றாக இருந்தால்தான் இளையவர்கள் தங்குவார்கள், வெளியே போனவர்கள் திரும்புவார்கள் என்பது அவர் கணக்கு. கப்பலுக்கென்று வரும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கூரைகளுக்குப் போக வேண்டும், அதைப் பங்கிடும் கூட்டத்தில் லூயிஸ் குவார்ட்டர்ஸ்காரர்களும் பிளட்டோக்காரர்களும் முதல் வரிசையில் உட்கார வேண்டும். சரிசெய்ய வேண்டிய வீடுகள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன.